கன்னித்திரை: ஒரு சவ்வும் அதைச் சுத்தின வம்பும்

பேர் வைக்கும்போதே தீர்ப்பையும் சேர்த்து எழுதிட்டாங்க. 'கன்னித்திரை'ன்னு கேட்டாலே வாசலை மூடின திரைச்சீலை, முதலிரவுல கிழியும்னுதான் தோணும். நெய்வேலி டவுன்ஷிப்புல படிச்சப்ப எங்க உயிரியல் டீச்சர் இந்தப் பாடத்தை "வீட்ல படிச்சுக்குங்க"ன்னு தாண்டிட்டாங்க. மிச்சத்தை சினிமா சொல்லிக் குடுத்துச்சு, தப்பா.

நிஜத்தில் அது திரையே இல்லை. யோனி வாசலின் உள்விளிம்பில் இருக்கிற மெல்லிய சவ்வு மடிப்பு. உள்ளே இணைப்புத் திசு, கொஞ்சம் ரத்தக் குழாய்கள். இரண்டு பக்கமும் தட்டையான செல்களின் அடுக்கு. நடுவே துவாரம் உண்டு. இல்லாட்டி மாதவிலக்கு ரத்தம் எப்படிங்க வெளியே வரும்? சிலருக்கு வளையமா இருக்கும், சிலருக்குப் பிறை மாதிரி. அபூர்வமா முழுசா மூடியிருந்தா சின்ன ஆபரேஷன் பண்ணணும். வயசுக்கு வந்தப்புறம் ஈஸ்ட்ரோஜன் இதை நல்லா நெகிழ வச்சிடும். அதனால முதல் உறவில் பலருக்கு ரத்தமே வராது. இதைப் பார்த்து 'கன்னியா, இல்லையா'ன்னு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

இது புது விஷயமும் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த சொரானஸ், குறுக்கே மூடுற சவ்வு கிடையாதுன்னு அப்பவே எழுதி வச்சார். யார் கேட்டா?

கேட்காததுக்கு விலை கொடுத்தது பெண்கள். 1972ல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிப் பெண்ணுக்குக் கொடுமை நடந்தது. மதுரா வழக்குன்னு பேர். டாக்டர் அறிக்கையில் பழைய கிழிசல், இரண்டு விரல் சுலபமா நுழையுதுன்னு இருந்தது. 'பழக்கப்பட்டவள்'னு சொல்லி 1974ல் செஷன்ஸ் கோர்ட் போலீஸ்காரர்களை விடுதலை பண்ணிச்சு. உயர் நீதிமன்றம் தண்டிச்சும், 1978ல் உச்ச நீதிமன்றம் திரும்ப விட்டுடுச்சு. நாடே கொதிச்சு, 1983ல் சட்டம் மாறினது. ஆனா விரல் சோதனை மட்டும் போகலை!

அது பெண்ணின் மானத்துக்கும் அந்தரங்கத்துக்கும் எதிரானதுன்னு 2013ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பவும் நிக்கலை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தடை பண்ணச் சொல்லி தமிழக அரசுக்கு உத்தரவு போட்டது. அதே வருஷம் அக்டோபர் 31ல், இனி இதைச் செய்றவங்க நடத்தை விதியை மீறினவங்கன்னு உச்ச நீதிமன்றம் அடிச்சுச் சொல்லிடுச்சு.

ஸ்வீடன்காரங்க 2009லேயே பழைய சொல்லைத் தூக்கிட்டு, 'யோனி வளையம்'னு அர்த்தம் வர்ற மாதிரி புதுசு வச்சாங்க. தமிழ்ல என்ன வைக்கலாம் மக்கா? 'கன்னி'யும் வேணாம், 'திரை'யும் வேணாம். பின்னூட்டத்துல சொல்லுங்க.