இடக்கரடக்கலும் ஒரு பல்கலைக்கழகமும்

தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் நன்னூலின் தகுதி வழக்கை ஒப்பித்திருப்பார்கள்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லத்தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். நாகரிகம் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதிகாரத்தின் கையில் இந்த நாகரிகம் என்னவாகிறது என்பதை அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வரலாற்றில் வாசிக்க முடிகிறது.

அங்கே அமெரிக்கக் கால்பந்துதான் எல்லாம். ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரும் அரங்கம். 1966 முதல் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பேட்டர்னோ. உயிரோடிருக்கும்போதே சிலை வைக்கப்பட்டவர். அவருடைய உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி, ஏழைச் சிறுவர்களுக்காக 1977இல் ஒரு தொண்டு அமைப்பு தொடங்கினார். அந்தச் சிறுவர்கள்தான் அவருக்கு இரையானார்கள். 1998இல் ஒரு தாய் புகார் கொடுத்தார். விசாரித்தார்கள், வழக்கில்லை என்று மூடினார்கள். 1999இல் ஓய்வு பெற்றபோது சாண்டஸ்கிக்குக் கௌரவப் பட்டமும் வளாகத்தின் விளையாட்டுக் கூடங்களுக்குள் வந்துபோகும் உரிமையும் கிடைத்தன.

2001 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, உதவியாளரான மைக் மெக்வீரி குளியலறையில் சாண்டஸ்கியையும் ஒரு சிறுவனையும் பார்த்தார். பார்த்தது பாலியல் வன்முறை. மறுநாள் பேட்டர்னோவிடம் சொன்னார், பெரியவர் என்பதால் விவரம் குறைத்து. 'ஏதோ பாலியல் தன்மையுள்ளது' என்று புரிந்துகொண்டதாகப் பேட்டர்னோ பின்னாளில் சாட்சியம் சொன்னார். மேலிடத்துக்கு அன்றே சொல்லவில்லை. அவர்களுடைய வாரக்கடைசியைக் கெடுக்க வேண்டாமே என்று நினைத்தாராம். விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியையும் துணைத்தலைவர் கேரி ஷுல்ட்ஸையும் கடந்து பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியரிடம் போய்ச் சேர்ந்தபோது அது 'குறும்பு விளையாட்டு' ஆகியிருந்தது. படி ஏற ஏறச் சொல் இளைக்கிறது.

அரசின் குழந்தைகள் நலத்துறைக்குத் தெரிவிப்பது என்று முதலில் திட்டமிட்டார்கள். பிப்ரவரி 27ஆம் தேதி கர்லி மின்னஞ்சல் எழுதுகிறார்: யோசித்துப் பார்த்தேன், ஜோவிடமும் பேசினேன், அந்தத் திட்டம் சரிப்படவில்லை, சம்பந்தப்பட்டவரிடமே பேசிவிடலாம். பெயரில்லை. 'அந்த நபர்', 'அந்த விஷயம்' என்றே போகிறது. நன்னூலார் பார்த்தால் குழூஉக்குறி என்பார். ஸ்பேனியரின் பதில், இந்த அணுகுமுறை மனிதாபிமானமானது என்று பாராட்டுகிறது. சரி, யார்மேல் மனிதாபிமானம்? அதே மடலில் ஒரு கவலையும் இருக்கிறது: சொன்னதை அவர் கேட்காமல் போனால், புகார் செய்யாததற்கு நாம் மாட்டிக்கொள்வோம். தனக்குச் சொல்லப்பட்டது குறும்பு விளையாட்டு மட்டுமே என்று ஸ்பேனியர் பிற்பாடு வாதாடினார். குறும்புதான் என்றால் மாட்டிக்கொள்ளும் பயம் எதற்கு?

இன்னொரு மௌனமும் உண்டு. 2000இலேயே அதே கட்டடத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி இப்படியொன்றைப் பார்த்து நடுங்கிப்போய்ச் சக தொழிலாளிகளிடம் சொன்னார். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பேட்டர்னோவை எதிர்ப்பது நாட்டின் ஜனாதிபதியை எதிர்ப்பது மாதிரி என்று அவர்களில் ஒருவர் பிறகு சொன்னார். இந்த மௌனத்தையும் தலைவரின் மௌனத்தையும் 'எல்லோருமே சும்மா இருந்துட்டாங்க' என்று ஒரே தராசில் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2011 நவம்பரில் சாண்டஸ்கி கைதானார். பேட்டர்னோவும் ஸ்பேனியரும் பதவி இழந்தார்கள். அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவுக்கு வந்து டி.வி. வண்டியைக் கவிழ்த்தார்கள், பயிற்சியாளருக்காக. 2012இல் 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாகி, சாண்டஸ்கிக்கு 30 முதல் 60 ஆண்டு வரை சிறை. அதே ஆண்டு ஜனவரியில் பேட்டர்னோ இறந்திருந்தார். ஜூலையில் சிலையைப் பெயர்த்தார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கம் 6 கோடி டாலர் அபராதம் போட்டு, 1998 முதலான வெற்றிகளை ரத்து செய்தது. 2015இல் வெற்றிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வெற்றிகளைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

2017இல் கர்லியும் ஷுல்ட்ஸும் குழந்தையை ஆபத்துக்குள்ளாக்கியதாக ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியரை நடுவர் குழு குற்றவாளி என்றது. சட்டப்படி மூவருடையதும் சிறு குற்றம். ஸ்பேனியர் மேல்முறையீடுகளுக்குப் பின் 2021இல் உள்ளே போய், முழுசாக இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

அந்தக் குளியலறையில் இருந்த பையன் யார், வீடு எங்கே என்று 2001இல் இவர்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. 2012 வழக்கிலும் அவனுக்குப் பெயர் கிடையாது. பாதிக்கப்பட்டவர், எண் 2.