வெள்ளம்: எண்ணும் நீரும்

கம்பராமாயணத்தில் வானரப் படை எழுபது வெள்ளம். இது தலைக்கணக்கு. ஆம்பல், சங்கம் போல வெள்ளமும் ஒரு பேரெண்ணின் பெயர். பரிபாடலிலேயே அந்த வழக்கு உண்டு. எண்ணிலிருந்து ஆற்றுக்குப் போனதா இந்தச் சொல், ஆற்றிலிருந்து எண்ணுக்கு வந்ததா? ஆற்றிலிருந்து வந்தது என்பதே பொருத்தம். தெலுங்கு ‘வெல்லுவ’வும் நீர்ப்பெருக்குதான், மலையாளத்திலோ குடிக்கும் தண்ணீரே வெள்ளம்.

வெள்ளத்தை ஆள்வதே வெள்ளாண்மை, அதுவே வெள்ளாமை என்று பிரித்துப் பொருள் சொல்வோரும் உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்து ஏரிப்பாசனக்காரர்களுக்கு அது பிடித்துப்போகும். இங்கே ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிகுதி நீர் வழிந்தால், கொண்டாட்டம். அதை யாரும் வெள்ளம் என்பதில்லை. ஆறு பெருகினாலும் “ஆத்துல தண்ணி வருது” என்பதோடு சரி. தண்ணீர் ஊருக்குள் புகுந்தால்தான் வெள்ளம்.

2024 டிசம்பரில் அப்படித்தான் புகுந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்த நீரெல்லாம் தென்பெண்ணை வழியே சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 119 அடி நீர்மட்டமும் 7,321 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட அணை, வரத்து நின்றிருந்தால், அந்த வேகத்தில் 12 மணி நேரத்தில் வற்றிப்போயிருக்கும். அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் இடையே திறந்து சில மாதங்களே ஆன பாலம் அடித்துச் செல்லப்பட்டது.

எண்ணி மாளாததைச் சொல்ல ஆற்றிலிருந்து எடுத்த ‘வெள்ளம்’ இன்று எச்சரிக்கைகளில் மறுபடியும் எண்ணாகிவிட்டது. ‘கன அடி’ அணைப் பொறியாளருக்குப் புரியும். நள்ளிரவில் மாட்டை அவிழ்க்கலாமா என்று நிற்பவருக்கு அது வெறும் இலக்கம். அவருக்கு வேண்டியது முழங்கால் அளவா, கழுத்தளவா, எந்தத் தெரு வரை, எத்தனை மணிக்கு என்ற விவரம். வெள்ள அபாய எச்சரிக்கையை இனி அந்தக் கணக்கிலேயே சொல்ல வேண்டும்.