ரேடியோ நெல்: திருச்சி வானொலியும் காவிரிப் படுகையும்

1947-இல் நாடு பிரிந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்தவை ஆறே வானொலி நிலையங்கள்: தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. மற்ற ஐந்தும் தலைநகரங்களாகவோ பெருநகரங்களாகவோ இருந்தவை. இந்தப் பட்டியலில் திருச்சி எப்படி இடம்பெற்றது என்று கேட்பதிலிருந்தே அந்த நிலையத்தின் வரலாற்றைத் தொடங்கலாம்.

1938 ஜூன் 16-இல் சென்னை நிலையம் தொடங்கியபோது அதற்கு இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. 10 கிலோவாட் சிற்றலை மாகாணம் முழுவதற்கும். வெறும் 250 வாட் மத்திய அலை நகரத்துக்கு மட்டும். சிற்றலை வெகுதூரம் போகும். ஆனால் ஏறி இறங்கும், சில நேரம் காணாமலே போகும். பதினொரு மாதம் கழித்து, 1939 மே 16-இல், திருச்சியில் 5 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி இயங்கத் தொடங்கியது. சென்னையின் மத்திய அலையைவிட இது இருபது மடங்கு வலிமை. தமிழகத்தின் உட்பகுதிக்குப் பகலிலும் தெளிவாகக் கேட்கும் குரல் முதன்முதலில் கிடைத்தது திருச்சியிலிருந்துதான்.

இதில் மண்ணுக்கும் பங்கு உண்டு. பகலில் மத்திய அலை தரையை ஒட்டிப் பரவுகிறது; பாறையும் வறண்ட மண்ணும் அதை விழுங்கும், ஈர மண் தாங்கிச் செல்லும். கிழக்கே வண்டலும் நீர் நிற்கும் வயலுமாய்க் கிடந்த தஞ்சைப் படுகை இந்த அலைக்கு ஏற்ற நிலம். ஆற்று நீர் போன வழியிலேயே அலையும் போனது என்றால் கொஞ்சம் கவிதையாகிவிடும், பெருமளவு உண்மையும்கூட.

முதல் இருபது ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் கச்சேரிகளையும் நாடகங்களையுமே நினைவுகூர்கிறார்கள். அவை சென்னையிலும் இருந்தன. திருச்சி நிலையத்துக்கென்று தனி வரலாறு கிடைத்தது 1960-களில்.

இந்தியாவின் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. 1922 முதல் இயங்கிவந்த ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் அதே மாவட்டத்தில் இருந்தது. ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் கலக்கும் ஆய்வுகள் 1950-களில் நடந்தன. அந்த வழியில், நோரின் 10 என்ற ஜப்பானிய நெல்லும் ஜி.இ.பி. 24 என்ற நம் சம்பா வகையும் சேர்ந்து பிறந்தது ஆடுதுறை 27. (பசுமைப் புரட்சிக் கதைகளில் வரும் நோரின் 10 கோதுமை வேறு, பெயர்தான் ஒன்று.) வயது ஏறக்குறைய 105 நாள். ஜூனில் மேட்டூர் அணை திறந்ததும் நாற்றுவிட்டுக் குறுவையை முடித்துவிட்டு, அதே வயலில் தாளடியும் நடலாம். படுகை விவசாயிக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. விதையின் பெயரைச் சொன்னால் போதும்.

அதைச் சொன்னது திருச்சி வானொலி. எந்த நாளில் நாற்றங்கால், எவ்வளவு உரம், எப்போது பூச்சிமருந்து என்று மாலை நேரத்தில் பேச்சுமொழியில் சொல்லப்பட்டது. பஞ்சாயத்து ரேடியோவின் முன் ஊர் கூடியது. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வந்தபின் மின்சாரம் எட்டாத களத்துமேட்டிலும் அது கேட்டது. 1966-இல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கியபோது திருச்சிக்கும் ஒன்று அமைந்தது. கடைக்குப் போன விவசாயிகள் ஆடுதுறை என்று கேட்கவில்லை, எண்ணையும் சொல்லவில்லை. “ரேடியோ நெல்லு இருக்கா?” என்றார்கள்.

இந்தப் பெயரை வைத்து, வானொலிதான் தஞ்சையில் பசுமைப் புரட்சி செய்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது மிகையாகப் படுகிறது. கூட்டுறவுக் கடன், உரம், விதைப் பெருக்கம், வயலுக்கு வந்த கிராம சேவகர் எல்லாம் அதே சமயத்தில் இருந்தன; அவை இல்லாத ஊரில் வானொலி மட்டும் பேசியிருந்தால் விதை முளைத்திருக்காது. பெயர் சொல்வது வேறொன்றை: புதிய விதையை யார் சொல்லி நம்பினார்கள் என்பதை. ரகத்தை உருவாக்கிய நிலையத்தின் பெயரைத் தள்ளிவிட்டு, காதில் கேட்ட பெட்டியின் பெயரை அவர்கள் நெல்லுக்குச் சூட்டினார்கள். அதிகாரி மேலிருந்து சொன்னால் ஆணை; வானொலி எல்லாக் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்ததால், மறுநாள் டீக்கடையில் ஊரே அதை எடைபோட முடிந்தது. பரவலின் உண்மையான இயக்கம் அந்த மறுநாள் பேச்சில்தான் இருந்திருக்க வேண்டும்.

நெல்லுக்கு ஒரு குறை இருந்தது. விதைக்கு உறக்கக் காலம் போதாது. குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதிரிலேயே முளைவிடும். அறுப்பு தள்ளிப்போய் ஐப்பசி அடைமழையில் மாட்டிய வயல்களுக்கு, அடுத்த வானொலிப் பேச்சு எந்த உதவியும் செய்திருக்க முடியாது. உறக்கம் கூடிய, நோய் தாங்கும் ரகங்கள் வந்ததும் ரேடியோ நெல் மெல்ல வயலைவிட்டுப் போனது.

திருச்சி ஒலிபரப்பி பிற்பாடு 936 கிலோஹெர்ட்ஸில் 100 கிலோவாட்டாக வளர்ந்தது. தொடக்கத்தில் இருந்ததைப்போல இருபது மடங்கு. ஆனால் ரேடியோ நெல்லுக்குப் பின் ஆடுதுறையிலிருந்து வந்த நெல்களைப் படுகை விவசாயிகள் எண்ணாலேயே அழைத்தார்கள்: முப்பத்தாறு, நாப்பத்திமூணு.