‘ஜன்னி’ என்ற ஒரு சொல்லுக்குள்: வட ஆர்க்காட்டில் குழந்தைகளின் மூளை உறை அழற்சியை இனங்கண்ட வரலாறு

முன்னுரை

திருமலையிலும் ஆரணியின் தறி வீடுகளிலும், காய்ச்சல் முற்றிக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் பெரியவர்கள் ‘ஜன்னி கண்டுடுச்சு’ என்பார்கள். ஆஸ்பத்திரியில் அது ‘மூளைக்காய்ச்சல்’ ஆகிறது. இரண்டு சொற்களும் பல நோய்களை ஒன்றாகக் கட்டி வைக்கின்றன: கொசுவால் பரவும் வைரஸ் நோய், வாரக்கணக்கில் முற்றும் காசநோய், ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் பாக்டீரியா நோய். மருந்து மூன்றுக்கும் ஒன்றல்ல. இவற்றைப் பிரித்தறியக் கற்றதே மூளை உறை அழற்சியின் வரலாறு என்பது இக்கட்டுரையின் கருத்து. அந்த வரலாற்றில், இவ்வூர்கள் அடங்கிய பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு.

முதுகுத்தண்டு நீர்

1884இல் கிராம், பாக்டீரியாவைச் சாயமேற்றிப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். 1887இல் வியன்னாவில் வைக்சல்பௌம், மூளை உறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமியைக் கண்டார். 1891இல் குவின்கே, இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளின் இடைவெளியில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை அறிவித்தார். இன்றும் மூளை உறை அழற்சியை உறுதிசெய்யும் வழி அதுவே. செவிலியர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் பிடிக்கிறார். நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விழுகிறது. குழாய்க்குப் பின்னால் அச்சிட்ட தாளைப் பிடித்தால், தெளிந்த நீர் வழியே எழுத்து தெரியும். கலங்கிய நீரில் மங்கும். பாக்டீரியா நோயில் வெள்ளணுக்கள் பெருகும், சர்க்கரை குறையும், புரதம் கூடும்.

வேலூர் காட்டிய வேறுபாடு

1955இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த வட ஆர்க்காட்டுக் குழந்தைகளிடம், மனிதர்களுக்கு வந்த ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவிலேயே முதன்முதலாக இனங்காணப்பட்டது. வைரஸ் நோய் இவ்வாறு தனியே பிரிந்தது.

பாக்டீரியாக்களில் நிமோகாக்கஸ் அறிமுகமானதே. ‘ஹிப்’ எனப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி வகையோ ஆசியாவில் அரிது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது கண்ணுக்குத் தப்பியதற்குக் காரணங்கள் உண்டு. சாதாரண ஊடகத்தில் அது வளராது. சூடாக்கிய இரத்தம் கலந்த ஊடகம் வேண்டும். தண்டுவட நீரை எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால், நீரில் கிருமி வளராமல் போகும். 1993 முதல் 1997 வரை வேலூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் மருத்துவமனைகள் கூட்டாக நடத்திய கண்காணிப்பு, இரு கிருமிகளும் இந்தியக் குழந்தைகளைத் தாக்குவதை உறுதிசெய்தது. வேலூர் வட்டாரத்தில் 1997-99இல் நடந்த ஆய்வு, ஒரு வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 32 பேருக்கு ஹிப் மூளை உறை அழற்சி வருவதாகக் கணித்தது. சோதனையில் தப்பியவை இதில் சேராததால், உண்மை அளவு இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும்.

கண்டறிதலின் பயன்

2011 டிசம்பரில், கேரளத்தோடு தமிழ்நாடும் ஹிப் அடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசியை நாட்டிலேயே முதலில் தொடங்கியது. 6, 10, 14 வாரங்களில் அது போடப்படுகிறது. 2021இல் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் சேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் பிரித்தறிந்த இவ்விரு கிருமிகளும் ஒவ்வொன்றாகத் தடுப்பூசி அட்டையில் இடம்பெற்றன.

முடிவுரை

எனினும் பிறந்த குழந்தையைத் தாக்கும் குடல்வாழ் பாக்டீரியாக்களுக்கு இந்தத் தடுப்பூசிகள் காப்பல்ல. கைக்குழந்தையிடம் கழுத்து விறைப்பு தெரியாமலும் இருக்கலாம். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, கீச்சென்று அழுவது, உச்சிக்குழி புடைப்பது ஆகியவையே அங்கு அடையாளம். தப்பிய குழந்தைக்குக் காது கேளாமல் போவதும் உண்டு. ஆகவே மருந்துக்கடை ஆன்டிபயாடிக் சிரப்பை நம்பிக் காத்திருப்பது இருவகையிலும் கேடு: நேரம் போகிறது, கிருமியின் தடயமும் மறைகிறது. ‘ஜன்னி’ என்று பாட்டி சொல்வது தவறில்லை. அது எந்த ஜன்னி என்ற கேள்வியோடு அன்றே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.