ஒரே பந்தி, ஒரே பாத்திரம்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், சர்ச்சில் அப்பமும் ரசமும் கொடுத்த கையோடு நோயாளிகளுக்கு ஜெபம் பண்றாங்களே, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

கி.பி. 55 வாக்கில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். ஏழைகள் பசியோடு நின்றார்கள். உங்களில் பலர் நோயில் விழுவதற்கு இதுதான் காரணம் என்று பவுல் கண்டித்தார். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். ஆக, பந்தியில் பேதம் பார்ப்பதே அவர் கண்ட முதல் நோய்.

கி.பி. 150 வாக்கில் ரோமில் யுஸ்தீன் எழுதியதிலிருந்து, ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்கு நற்கருணை வீட்டுக்கே போனது தெரிகிறது. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு நிருபம். பிற்காலத்தில் கத்தோலிக்கர்களிடம் அது சாகப்போகிறவருக்கு மட்டும் என்று ஆகி, 'அவஸ்தைப் பூசுதல்' என்று பெயர் பெற்றது. சாமியார் எண்ணெயோடு வந்தாலே வீட்டார் அழத் தொடங்குவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் போப் ஆறாம் பவுல் அதைத் திருத்தினார். இப்போது அது 'நோயில் பூசுதல்'. கடும் நோயுற்ற எவரும் கேட்டுப் பெறலாம்.

நம் தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். சபை வளர்ந்தது, சாதியும் கூடவே வந்தது. கோயிலுக்குள் தனித்தனி இடம். திருவிருந்துக்கு ஒரு சாதியார் போன பிறகே அடுத்தவர் போவார்கள். சில இடங்களில் பாத்திரமே வேறு. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833 ஜூலையில், இந்தப் பேதம் உடனே ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எவ்வளவு பெரிய கவிஞர்! அவரே சாதி வழக்கத்தை விடச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து 1829இல் எழுதியிருந்தார்.

சாதி ஒரு பக்கம். மிஷனுக்கு மிஷன் பந்தி வேறு என்ற பிரிவு இன்னொரு பக்கம். 1919இல் அசரியா முதலானோர் தரங்கம்பாடியில் கூடி ஒன்றிணைவு பற்றிப் பேசினார்கள். 28 ஆண்டுகள் கழித்து, 1947 செப்டம்பர் 27இல், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபையார் ஒரே பந்திக்கு வந்தார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945லேயே காலமாகிவிட்டார்.

கதை முடிந்துவிட்டதா? 2008 மார்ச்சில் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், சாதிப் பாகுபாட்டால் மனம் நொந்த தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அதையொட்டிக் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். கலவரத்தின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒரே நற்கருணையை வாங்கியவர்கள்.

பிள்ளைகளே, சுகத்துக்காக முழங்கால் போடுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவரவர் வலி அவரவருக்கு. ஆனால் நீங்கள் முழங்கால் போடும்போது, பக்கத்தில் இருப்பவர் எந்தத் தெரு, எந்த மாநிலம் என்று மனம் கணக்குப் போட்டால், முதலில் அந்த நோய் தீர ஜெபியுங்கள். கோயிலுக்குப் போகாத என் மற்ற பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். கல்யாணப் பந்தி ஆனாலும், கம்பெனி கேன்டீன் ஆனாலும், பந்தி பந்திதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்