முத்திரையும் கூரும்

மலிவான சவரக்கத்தியும் கடையில் பளபளக்கும். அதன் குற்றம் தீட்டுக்கல்லில்தான் வெளிப்படும். இரு நாடுகளின் வணிக வழக்கு இச்சிறு உண்மைக்குள் அடங்கியிருப்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் எஃகை மூசையிலிட்டு உருக்கினார். கசடு நீங்கிய அவ்வெஃகு கூரைத் தாங்கி நின்றது. நாளடைவில் ஊர்ப்பெயரே தர முத்திரையாயிற்று. பெயருக்கு விலை வந்தால் போலியும் வரும் அல்லவா? ஜெர்மனியின் ஸோலிங்கனில் சிலர், வார்ப்பிரும்புக் கத்திகளில் ஷெஃபீல்டின் பெயரைப் பொறித்து விற்றனர். வார்ப்பிரும்பில் நுண்கூர் நில்லாது, உதிர்ந்துவிடும். வாங்கியவர் கன்னமே அதற்குச் சாட்சி. 1876 பிலடெல்பியா கண்காட்சியில் தம் நாட்டுப் பொருள்கள் மலிவும் மட்டமும் என ஜெர்மானியரான ஃப்ரான்ஸ் ரூலோவே எழுதினார். 1887இல் பிரிட்டன் வணிகக்குறிச் சட்டம் இயற்றியது. அதன் விளைவாக ‘ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்ற பொறிப்பு பரவியது. இழிவுக்கென வந்த அடையாளம் பின்னர்ப் பெருமையாயிற்று. 1938இல் ஸோலிங்கனே தன் பெயரைக் காக்கச் சட்டத்தை நாட வேண்டியிருந்தது!

ஆகவே எழுத்தை விடுத்து அலகைச் சமதளக் கல்லில் கிடத்திப் பார்ப்போம். (மலிவுக் கல்லே குழிந்திருப்பதும் உண்டு, முதலில் அதைச் சோதிக்க வேண்டும்.) முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். இடையே வெளிச்சம் தெரிந்தால் அலகு கோணல். எவ்வளவு தீட்டினும் ஓரிடம் மழுங்கியே நிற்கும்.