கருட தரிசனமும் பாண்டிச்சேரிக் கழுகும்

செம்பட்டியை அடுத்த ஆத்தூரில், கீழ்ப்பழனி மலைகளின் அடிவாரத்தில் தேங்கி நின்று திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் அளிக்கும் காமராஜர் நீர்த்தேக்கத்தின் பக்கம் காலையில் போகிறவர்கள், வெள்ளைத் தலையும் செம்மண் நிற உடலும் கொண்ட ஒரு பறவை வானில் வட்டமிடக் கண்டால், ஒரு கணம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. கோழிக்குஞ்சைத் தூக்க வரும் பருந்தைக் கூச்சலிட்டு விரட்டுகிற அதே கைகள்தாம் கருடனைக் கண்டதும் குவிகின்றன. வால் பிளந்திருந்தால் பருந்து, வளைந்திருந்தால் கருடன் என்று பிரித்தறிய எங்கள் பக்கத்துச் சிறுவர்களுக்குப் புத்தகம் வேண்டியதில்லை. விஷ்ணுவின் வாகனம் என்ற பக்தியினால் பிறந்த இந்தச் சம்பிரதாயத்தை, ஆயுதம் ஏதுமின்றி ஒரு பறவையைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்த வித்தை என்றே நான் கருதுகிறேன்.

மேனாட்டு நூல்களுக்குள் கருடன் புகுந்த வழி வேறு. பிரெஞ்சு அறிஞர் பிரிஸோன், 1760-ல் வெளியிட்ட தமது பக்ஷி சாஸ்திரத்தில் இதனைப் ‘பாண்டிச்சேரிக் கழுகு’ என்று வர்ணித்தார். பிறகு மற்றொரு பிரெஞ்சு அறிஞரான பூஃபோன் காலத்தில் பாரீஸில் அச்சான வண்ணச் சித்திரமொன்றை ஆதாரமாகக் கொண்டு, ஹாலந்து தேசத்துப் போடார்ட் 1783-ல் இதற்குச் சாஸ்திரீயப் பெயர் சூட்டினார். நமது கடற்கரைப் பறவை நமது கடற்கரை ஊரின் பெயரோடு ஐரோப்பாவில் உலவியது என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அக்காலத்துச் சாஸ்திரிகள் ஆராய்ந்த பறவைகள் பெரும்பாலும் சுட்டு வீழ்த்தித் தோலுரித்துப் பஞ்சடைக்கப்பட்டவை என்பதையும் மறப்பதற்கில்லை.

போடார்ட் பெயர் சூட்டியதற்கு முந்திய ஆண்டில், 1782-ல், அமெரிக்க ஐக்கிய நாடுகள் தங்கள் ராஜமுத்திரையில் பொறித்துக்கொண்ட வெண்டலைக் கழுகும், உருவத்தில் பன்மடங்கு பெரிதாயினும், கருடனைப் போலவே தலை வெளுத்து, நீர்நிலை ஓரத்து நெடுமரங்களில் கூடு கட்டி, மீனை விரும்பி உண்ணும் பறவையாகும். முத்திரையில் ஏறிய அந்தப் பறவைக்கு மண்ணில் நேர்ந்த கதியை நினைத்தால் மனம் கனக்கிறது. சால்மன் மீனைத் தின்றுவிடுகிறது என்ற குற்றத்துக்காக, அலாஸ்காவில் 1917 முதல் 1953 வரை, கொன்று கொண்டுவந்த கழுகுகளுக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. அவ்விதம் மாண்டவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. 1940-ல் இயற்றிய பாதுகாப்புச் சட்டங்கூட அலாஸ்காவை விலக்கியே வைத்தது. பின்னர், வயல்களில் தெளித்த டி.டி.டி. மருந்து நீரில் கலந்து மீனின் வழியே கழுகின் உடலில் சேர்ந்து, முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே முட்டைகள் உடைந்துபோக, 1963-ல் அலாஸ்கா நீங்கலான பெருநிலப்பரப்பில் கூடு கட்டிய ஜோடிகள் ஐந்நூறுக்கும் குறைவாயின. 1972-ல் அம்மருந்தைத் தடுத்தார்கள். 2007-ல் அழிவுப் பட்டியலிலிருந்து அந்தப் பறவை நீங்கியது. கடலோடு கலக்கும் சில்காட் என்னும் அலாஸ்கா ஆற்றங்கரை 1982-ல் சரணாலயமாக்கப்பட்டது. இலையுதிர் காலத்தில், உறையாத நீரில் தாமதமாக ஏறிவரும் சால்மனுக்காக அங்கே சில ஆண்டுகளில் மூவாயிரம் கழுகுகள்வரை கூடுகின்றன. துப்பாக்கிக்காரர்கள் திரிந்த அதே கரையில் இன்று காமிராக்காரர்கள் குளிரில் காத்து நிற்கிறார்கள்.

கருடன் தலைக்கு நம் நாட்டில் எவரும் விலை வைத்ததாக நான் அறியேன். எனினும் கும்பிடு ஒன்றினாலேயே பறவை பிழைத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. நீர் வற்றாத ஏரியும், மீனும் தவளையும் நண்டும், கரையில் வெட்டாமல் விட்ட நெடுமரமும் அதற்கு வேண்டும். வயலில் தெளிக்கும் விஷத்துக்குக் கருடன் என்றும் காக்கை என்றும் பேதம் தெரியாது.

தூரதிருஷ்டிக் கண்ணாடி பொருத்திய காமிராவினால் பார்த்தபோதுதான், அண்ணாந்து பார்த்த கண்ணுக்கு வெறும் வெண்மையாகத் தெரிந்த அந்தத் தலையிலும் மார்பிலும், ஒவ்வோர் இறகின் நடுவிலும் மயிரிழைப் பருமனில் கருங்கோடு ஓடுவதை நான் கண்டேன். நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து, உடல் நனையாமல் கால்களை மட்டும் நீட்டி மீனைப் பற்றி, பறந்தபடியே குனிந்து காலிலிருந்து கொத்தித் தின்னும் அதன் சாதுரியமும் அப்போதே விளங்கியது. சுட்டு எடுத்த சடலம் இந்தச் சாதுரியத்தை எவருக்கும் காட்டியிராது. வண்ணத்தை நாடாமல் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படம் பிடித்து, ஐம்பதாண்டுக் காலம் அவற்றைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) போன்றவர்கள் நம்மிடையே இந்தக் கலையை வளர்த்தார்கள். கருட தரிசனத்தின் நியாயமான வாரிசு காமிராவே என்பது என் அபிப்பிராயம். கூட்டை நெருங்கித் தாய்ப்பறவையைக் கலைக்காத வரையில்தான் அந்த உரிமை அதற்கு உண்டு.

இப்பொழுது கும்பாபிஷேகங்களில், கலசத்தில் நீர் வார்க்குமுன் கருடன் வட்டமிட வேண்டுமென்று சிவாச்சாரியாரும் பட்டாச்சாரியாரும் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கையில், கீழே நிற்கும் ஜனங்களும் கைபேசியை உயர்த்திக்கொண்டு காத்திருக்கிறார்கள். பறவை தோன்றியதும் ஒரு கை படம் எடுக்கிறது, மற்றொரு கை கன்னத்துக்குப் போகிறது.